தராசைக் கூட்டலாம், செக்ரோல் ஒன்றுதான்: கிளவுட்டில் வணிகச் செயலி அமைப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

இலங்கை மலைநாட்டின் ஹட்டனில் துணிக்கடை நடத்தும் ஒருவர், தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் இருந்தபோது, அவருடைய செயலியை எழுதிக்கொடுத்த என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தீபாவளி முற்பணம் கைக்கு வந்த மாலையில், அவருடைய கடையின் ஒன்லைன் ஓடர் செயலி இரண்டு மணித்தியாலம் திறக்கவே இல்லை. அவர் குரலில் கோபத்தைவிட வியப்பே மிகுந்திருந்தது. “கிளவுட்டுல ஏத்திட்டா எத்தனை பேர் வந்தாலும் விழாதுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?” என்றார். அதே சொற்களில் நான் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவர் அப்படி விளங்கிக்கொள்ள இடம் கொடுத்துப் பேசியிருந்தேன் என்பதை மறுக்க வழியில்லை.

கிளவுட் என்ற சொல் இப்போது மிகத் தாராளமாகப் புழங்குகிறது. கைபேசிப் படங்கள் கூகுள் டிரைவில் சேமிக்கப்படுவதையும், மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் கணக்கு மென்பொருளையும், கொழும்பிலிருந்து வரும் விற்பனைப் பிரதிநிதி தம் கையேட்டில் காட்டும் எதையும் அதே சொல்லால் குறிக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் தவறான எண்ணமும் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு வணிகச் செயலியைக் கிளவுட்டில் அமைப்பது என்றால் என்ன, கூட்டம் கூடும்போது அது எவ்வாறு பெருகுகிறது, கிளவுட்டிலேயே இருந்தும் சில செயலிகள் ஏன் பெருக மறுக்கின்றன என்பவற்றை மட்டுமே இங்கே பார்க்கப் போகிறோம்.

பாடநூல்கள் இதனை முகில் கணிமை என்கின்றன. பொறியியலாளர்கள் வலையமைப்புப் படம் வரையும்போது, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டத் தேவையில்லாத பகுதியை ஒரு முகில் உருவமாக வரைந்துவிடுவது வழக்கம். பெயர் அங்கிருந்து வந்தது. கதவைத் திறந்தால் முகில் வீட்டுக்குள் வந்துவிடும் நானுஓயாவில் இருந்துகொண்டு இந்தப் பெயரைச் சொல்வது சற்று வேடிக்கைதான் என்பதால், நான் கிளவுட் என்றே எழுதுகிறேன்.

அது இருக்கும் இடம்

கிளவுட் என்பது, பிறருக்குச் சொந்தமான கணினிகளை, வேண்டும்போது வேண்டிய அளவுக்கு, இணையத்தின் வழியே வாடகைக்கு எடுக்கும் ஏற்பாடு. அந்தக் கணினிகள் வானத்தில் இல்லை. மின்சாரமும் குளிரூட்டலும் காவலும் உள்ள பெரிய கட்டடங்களில் அடுக்கடுக்காக நிற்கின்றன. அக்கட்டடத்துக்குத் தரவு மையம் என்று பெயர். கேட்பவருக்குப் பதில் அனுப்புவதையே வேலையாகக் கொண்டு அங்கே ஓயாமல் இயங்கும் கணினியைச் சேர்வர் என்கிறோம்.

அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் சேமிப்பிடத்தையும், அதே ஆண்டு ஓகஸ்டில் கணினிகளையும் இவ்வாறு வாடகைக்கு விடத் தொடங்கியது. கூகுள் 2008இலும் மைக்ரோசொப்ட் 2010இலும் இதே சந்தைக்குள் வந்தன. எதைக் கிளவுட் என்று அழைக்கலாம் என்பதில் குழப்பம் மிகுந்ததால், அமெரிக்காவின் தேசிய தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011இல் ஒரு வரைவிலக்கணம் வெளியிட்டது. யாரையும் கேட்காமல் நாமே எடுத்துக்கொள்ள முடிதல், வலையமைப்பு வழியே எங்கிருந்தும் அடைய முடிதல், பலருக்கும் பொதுவான பெரிய இருப்பிலிருந்து பங்கிடப்படுதல், விரைவாகக் கூடவும் குறையவும் முடிதல், பயன்படுத்திய அளவு அளக்கப்படுதல் ஆகிய ஐந்தையும் அது கேட்கிறது. கடையின் பின்னறையில் வாங்கி வைத்த சேர்வரை யாராவது கிளவுட் என்று விற்க வந்தால், இந்த ஐந்தில் எத்தனை அதில் உண்டு என்று கேட்டுப் பார்க்கலாம்.

சொந்த டர்பைனும் லக்ஷபான மின்சாரமும்

மலைநாட்டின் பல தேயிலைத் தொழிற்சாலைகள் ஒரு காலத்தில் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டன. மேட்டிலிருந்து ஓடையைக் குழாயில் இறக்கி, சிறு டர்பைனைச் சுழற்றி, வாட்டும் தட்டுகளின் மின்விசிறிகளையும் உருட்டு இயந்திரங்களையும் ஓட்டினார்கள். டர்பைனை வாங்கும்போதே கொழுந்து மிகுதியாக வரும் நாளைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். கொழுந்து குறைந்த மாதங்களில் அதன் வலு வீணாகும். மலைநாட்டு ஆறுகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே வாதாடினார். பழைய லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. பொது மின்சாரம் வந்த தொழிற்சாலைக்கு, உச்ச நாளுக்கென்று எதையும் வாங்கி வைக்கும் கவலை இல்லை. மீற்றர் காட்டியதற்குப் பணம் கட்டினால் போதும்.

சொந்த சேர்வர் வாங்குவதற்கும் கிளவுட்டில் வாடகைக்கு எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு முதல் பார்வைக்கு இதுதான். துணிக்கடைக்காரர் தீபாவளிக் கூட்டத்துக்குப் போதுமான சேர்வரைச் சொந்தமாக வாங்கினால், மீதிப் பதினொரு மாதங்கள் அது பெரும்பாலும் சும்மா இருக்கும். இந்த ஒப்பீட்டைப் பலரும் சொல்வதுண்டு. அது எங்கே முறிகிறது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. மின்சாரத்துக்கு ஞாபகம் கிடையாது. நேற்று எந்த விளக்கை எரித்தோம் என்பது இன்றைய மின்சாரத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. வணிகச் செயலிக்கோ ஞாபகம்தான் உயிர். யார் என்ன கேட்டார், எவ்வளவு கட்டினார், எத்தனை சேலை மீதி இருக்கிறது என்பதை அது மறக்கவே கூடாது. கிளவுட்டில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஞாபகத்தைச் சுற்றியே வருகின்றன.

ஓர் இயந்திரத்துக்குள் பல

தரவு மையத்தில் நிற்கும் சேர்வர் மிகப் பெரியது. ஒரு துணிக்கடைக்கு அதில் சிறு மூலை போதும். அந்த மூலையைப் பிரித்துத் தருவது ஒரு மென்பொருள். அது ஒரே கணினியின் வலுவையும் நினைவகத்தையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக்கணினி என்றே எண்ணிக்கொள்ளும்படி செய்கிறது. அவ்வாறு உண்டாகும் கணினிக்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். இந்த உத்தி புதியதல்ல. ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வகங்களில் 1960களிலேயே செய்து பார்த்ததுதான்.

மெய்நிகர் இயந்திரத்தின் முழு நிலையையும் ஒரு கோப்பாகச் சேமித்து வைக்கலாம். அக்கோப்பிலிருந்து அதே போன்ற இன்னொன்றை ஒரு சில நிமிடங்களில் எழுப்பலாம். வேலை முடிந்தால் அழித்துவிடலாம். இதைவிட இலேசான வடிவமும் உண்டு. செயலியையும் அது இயங்கத் தேவையானவற்றையும் மட்டும் ஒரு பொதியாகக் கட்டி, ஒரே இயங்குதளத்தின் மேல் பல பொதிகளை ஓட்டுவது அது. அதனைக் கொண்டெய்னர் என்கிறார்கள். 2013இல் வெளிவந்த டொக்கர் என்ற கருவி அதைப் பரவலாக்கியது. நிமிடங்கள் எடுத்த இடத்தில் கொண்டெய்னர் பெரும்பாலும் சில நொடிகளில் எழுந்துவிடும்.

எவ்வளவு வேலையை நாமே செய்கிறோம் என்பதைப் பொறுத்து வாடகையும் மூன்று வகைப்படும். பச்சைக் கொழுந்தை வாங்கி நாமே அரைத்து உலர்த்துவது போல, வெறும் மெய்நிகர் இயந்திரத்தை எடுத்து எல்லாவற்றையும் நாமே நிறுவலாம். தேயிலைத் தூளை வாங்கி வீட்டில் தேநீர் ஊற்றுவது போல, இயங்குதளம், தரவுத்தளம் போன்றவற்றின் பராமரிப்பை நிறுவனத்திடம் விட்டு நம் செயலியை மட்டும் எழுதி ஏற்றலாம். கடையில் உட்கார்ந்து பிளேன்டீ கேட்பது போல, முழுதாக ஆயத்தமான மென்பொருளை மாதக் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். இக்கட்டுரையின் பேச்செல்லாம் முதல் இரண்டைப் பற்றியது.

இதுவரை சொன்னதன் சாரம்: கிளவுட் என்பது தொலைவிலுள்ள கட்டடத்தில் இருக்கும் பெரிய கணினிகளின் பங்கு. அந்தப் பங்கை விரைவாக எழுப்பவும் அழிக்கவும் முடியும், பயன்படுத்திய நேரத்துக்கே பணம். பெருகும் வசதி அங்கே ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் நம் செயலி அந்த வசதியை ஏற்கும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மடுவத்தில் கூட்டம்

கொழுந்து பறித்தவர்கள், அதை நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கூடையோடு வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, செயலி நெரிசலில் சிக்குவது எப்படி என்று விளக்கத் தேவையில்லை. தராசு ஒன்று, நிறுப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். ஒரு கூடைக்கு ஆகும் நேரம் மாறுவதில்லை. வருபவர் வேகம் நிறுக்கும் வேகத்தைத் தாண்டிய கணத்திலிருந்து வரிசை நீண்டுகொண்டே போகும்.

இதையே எண்களில் பார்ப்போம். நம் செயலி ஓர் ஓடரைக் கையாள 0.2 நொடி எடுக்கிறது, ஒரே நேரத்தில் எட்டு ஓடர்களைக் கவனிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது நொடிக்கு 40 ஓடர்களை முடிக்கும். நொடிக்கு 38 பேர் வரும்வரை யாருக்கும் குறை தெரியாது. 60 பேர் வரத் தொடங்கினால், ஒவ்வொரு நொடியும் 20 பேர் மிஞ்சுவார்கள். ஒரு நிமிடத்தில் 1,200 பேர் காத்திருப்பார்கள். புதிதாக வருபவர் 30 நொடி நிற்க வேண்டும். கைபேசியில் யாரும் 30 நொடி பொறுப்பதில்லை. பக்கத்தை மீண்டும் மீண்டும் இழுத்துப் புதுப்பிப்பார்கள். அந்த ஒவ்வோர் இழுப்பும் வரிசையில் இன்னொரு ஆளாகச் சேரும். ஐம்பது சதவீதக் கூட்டம் கூடினால் செயலி ஐம்பது சதவீதம் மெதுவாகும் என்று நினைப்பது தவறு. ஓர் எல்லைவரை ஒன்றும் ஆகாது. எல்லையைத் தாண்டியதும் முழுதாக நின்றுவிடும்.

தீர்வுகள் இரண்டு. சின்னத் தராசை எடுத்துவிட்டுப் பெரிய தராசை வைப்பது, அதாவது அதே இயந்திரத்தை வலுவானதாக மாற்றுவது, செங்குத்துப் பெருக்கம். எளியது, செயலியில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சந்தையில் கிடைக்கும் மிகப் பெரிய தராசுக்கும் ஓர் எல்லை உண்டு, அது பழுதானால் மடுவமே நின்றுபோகும். ஒன்றுக்குப் பதிலாக ஐந்து தராசு வைப்பது கிடைப் பெருக்கம். அப்போது வருபவரை எந்தத் தராசுக்கு அனுப்புவது என்று பார்க்க வாசலில் ஒரு கங்காணி தேவை. அந்தக் கங்காணியின் வேலையைச் செய்யும் மென்பொருளுக்குச் சுமைப் பகிர்வி என்று பெயர். எந்த இயந்திரம் பதில் சொல்லாமல் கிடக்கிறது என்பதையும் அது இடையிடையே தட்டிப் பார்த்து, அந்தப் பக்கம் யாரையும் அனுப்பாமல் விடும்.

செக்ரோல் எங்கே இருக்கிறது

தராசு ஐந்தாகிவிட்டது. செக்ரோல், அதாவது யார் எத்தனை கிலோ பறித்தார் என்று பதியும் தோட்டத்துப் பேரேடு?

காலையில் முதல் தராசில் எட்டுக் கிலோ போட்டவர், மதியம் மூன்றாம் தராசில் ஆறு கிலோ போடுகிறார். இரண்டும் ஒரே பெயருக்குக் கீழே சேர வேண்டும். ஒவ்வொரு தராசுக்காரரும் தம் சட்டைப்பையில் தனிக்கொப்பி வைத்துக்கொண்டால், மாலையில் அவருக்குப் பதியப்படுவது முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழுநாள் கூலியா அரைநாள் கூலியா என்று சண்டைதான் மிஞ்சும். கொழுந்தின் எடையில் தண்ணீருக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிப்பது என்ற பழைய சண்டையே போதும், இன்னொன்று வேண்டாம். எனவே தராசுகள் எத்தனை ஆனாலும், எல்லாரும் எழுதுவது ஒரே செக்ரோலில் என்று இருக்க வேண்டும்.

செயலியில் அந்தச் செக்ரோல்தான் தரவுத்தளம்: ஒழுங்கான அட்டவணைகளாகத் தரவைக் காத்து, பலர் ஒரே நேரத்தில் எழுதினாலும் பிழை வராமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். செயலி ஓடும் இயந்திரம் தன்னிடம் எந்த ஞாபகத்தையும் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைக் கேட்டு வேலை செய்தால், அதனை நிலையற்ற செயலி என்பார்கள். தமிழில் இந்தச் சொல் குறைபோல ஒலிக்கிறது. உண்மையில் அதுவே கிடைப் பெருக்கத்தின் முதல் நிபந்தனை. எந்தத் தராசுக்காரர் வீட்டுக்குப் போனாலும் எதுவும் தொலையாது என்பதே அதன் பொருள்.

இதை நான் கற்றது என் பிழையால். அந்தத் தீபாவளிக்கு முந்திய பொங்கல் விற்பனையின்போது, வாடிக்கையாளர்கள் வங்கியில் பணம் கட்டிய சீட்டைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றும் வசதியைச் செய்திருந்தேன். படங்களைச் செயலி ஓடிய இயந்திரத்தின் வட்டிலேயே சேமித்தேன். ஓர் இயந்திரம் மட்டும் இருந்தவரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பொங்கலுக்கு முன்னைய வாரம் இயந்திரங்கள் மூன்றாயின. இரவு கூட்டம் குறைந்ததும், ஏற்கனவே கொடுத்திருந்த கட்டளைப்படி இரண்டு அழிக்கப்பட்டன. அவற்றின் வட்டுகளும் அவற்றிலிருந்த சீட்டுப் படங்களும் கூடவே போயின. மறுநாள் காலை நானும் கடைப் பெண் ஒருவரும் கொப்பியை வைத்துக்கொண்டு, முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி, “அக்கா, அந்தச் சீட்டை இன்னொரு தடவை அனுப்புவீங்களா?” என்று கேட்டோம். ஒருவர் அதற்குள் சீட்டை அடுப்பில் போட்டிருந்தார். படம், ஆவணம் போன்ற கோப்புகளை இயந்திரத்துக்கு வெளியே, அதற்கென்றே உள்ள சேமிப்புச் சேவையில் வைக்க வேண்டும். அமேசான் 2006 மார்ச்சில் தொடங்கியது அப்படிப்பட்ட சேவையைத்தான்.

இப்போது ஹட்டன் கடையின் அந்தத் தீபாவளி மாலைக்கு வருவோம். செயலி அதற்குள் நிலையற்றதாகியிருந்தது. கூட்டம் வந்ததும் இயந்திரங்கள் ஒழுங்காக ஐந்தாகப் பெருகின. ஒவ்வோர் இயந்திரமும் தரவுத்தளத்தோடு 25 இணைப்புகளைத் திறந்து வைக்கும்படி எழுதியிருந்தேன், ஐந்துக்கும் 125. நான் பயன்படுத்திய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமோ, மாற்றிச் சொல்லாதவரை ஒரே நேரத்தில் 100 இணைப்புகளையே ஏற்கும். தராசுகளைக் கூட்டினேன், எல்லாத் தராசுக்காரரும் ஒரே செக்ரோல் மேசையை மொய்த்து, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். கைகள் கூடியதே நெரிசலுக்குக் காரணமாயிற்று.

தராசைக் கூட்டுவது போலச் செக்ரோலைக் கூட்ட முடியாதா என்று கேட்கலாம். படிப்பதற்கு மட்டும் என்றால் நகல்கள் வைக்கலாம். எழுதுவதற்குப் பல ஏடுகள் வைத்தால், எது உண்மை என்பதை அவை தமக்குள் பேசித் தீர்க்க வேண்டும். அப்படிச் செய்யும் தரவுத்தளங்களும் உண்டு, ஆனால் அவை ஒரு துணிக்கடைக்கு வேண்டாத தலைவலி. கடைசியாக மீதியிருக்கும் ஒரு சேலையை ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் இருவர் ஒரே நொடியில் கேட்டால், ஒருவருக்குத்தான் விற்க வேண்டும். மீதியைப் பார்ப்பது, ஒன்றைக் குறைப்பது, ஓடரைப் பதிவது ஆகிய மூன்றும் முழுதாக நடக்க வேண்டும், இல்லையேல் ஒன்றுமே நடக்கக் கூடாது. அவ்வாறு பிரிக்க முடியாதபடி கட்டப்பட்ட செயல் தொகுதிக்குப் பரிவர்த்தனை என்று பெயர். ஏடு ஒன்றாக இருக்கும்போது இதைக் காப்பது எளிது.

ஆகவே ஏட்டைப் பெருக்குவதைவிட, ஏட்டுக்குப் போகும் தேவையைக் குறைப்பதே அறிவு. சேலைகளின் படமும் விலையும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. அவற்றை ஒருமுறை கேட்டு, எல்லா இயந்திரங்களும் பார்க்கக்கூடிய விரைவான தற்காலிக நினைவகத்தில் சில நிமிடம் வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கேஷ் என்று பெயர். ஓடர் கிடைத்ததென்று குறுஞ்செய்தி அனுப்புவது, பில் அச்சுக்கு ஆயத்தம் செய்வது போன்றவற்றை வாடிக்கையாளர் காத்திருக்கும்போது செய்ய வேண்டியதில்லை. அவற்றைத் துண்டில் எழுதி ஒரு பெட்டியில் போட்டுவிட்டால், வேறோர் இயந்திரம் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும். அந்தப் பெட்டிதான் பணிவரிசை. இவ்விரண்டையும் சேர்த்து, இணைப்புகளை இயந்திரத்துக்குப் பத்தாகக் குறைத்ததும், அதே தரவுத்தளம் அதே கூட்டத்தை முணுமுணுக்காமல் தாங்கியது. புதிதாக எதையும் வாங்கவில்லை.

சுருக்கமாக: செயலி இயந்திரங்களைப் பெருக்கலாம், அழிக்கலாம், அவற்றில் எதையும் நம்பி வைக்கக் கூடாது. ஞாபகம் தரவுத்தளத்திலும் சேமிப்புச் சேவையிலும் இருக்க வேண்டும். பெருகும்போது முதலில் மூச்சுத் திணறுவது அந்த ஞாபகம் இருக்கும் இடம்.

திகதி தெரிந்த கூட்டம்

இயந்திரங்களைக் கூட்டுவதையும் குறைப்பதையும் ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை. இயந்திரங்களின் சராசரிச் சுமை 60 சதவீதத்தைத் தாண்டினால் ஒன்றைச் சேர், 30 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால் ஒன்றை எடு, ஒருபோதும் இரண்டுக்குக் குறையாதே, ஆறுக்கு மேல் போகாதே என்று விதி எழுதி வைக்கலாம். இதுதான் தன்னியக்கப் பெருக்கம்.

ஆனால் விதி செயற்பட நேரம் வேண்டும். சுமை கூடியதை அளந்து, புதிய மெய்நிகர் இயந்திரம் எழுந்து, செயலி ஆயத்தமாகும்வரை சில நிமிடங்கள் ஓடிவிடும். மேலே பார்த்த கணக்கில் ஒரே நிமிடத்தில் 1,200 பேர் சேர்ந்ததை நினைத்தால், அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு பெரியவை என்று தெரியும். இங்கே நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. மலைநாட்டுக் கடைகளின் கூட்டம் நாட்காட்டியைப் பார்த்து வரும் கூட்டம். தோட்டத்துச் சம்பள நாள் தெரியும். தீபாவளி முற்பணம் கிடைக்கும் வாரம் தெரியும். நுவரெலியாவின் ஏப்ரல் சீசன் தெரியும். சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் தங்குமிடம் நடத்துபவருக்கு, அம்மலையின் யாத்திரைப் பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடியும் என்பதும், இடையில் பௌர்ணமி விடுமுறையான போயா வரும் வார இறுதிகளில் அறை கிடைக்காது என்பதும் தெரியும். திகதி தெரிந்த கூட்டத்துக்குத் தன்னியக்க விதியை நம்பிக் காத்திருப்பதைவிட, மாலை நான்கு மணிக்கே இயந்திரங்களை ஐந்தாக்கு, இரவு பதினொரு மணிக்கு இரண்டாக்கு என்று நேரம் குறித்து வைப்பது மேல். தன்னியக்க விதி எதிர்பாராத கூட்டத்துக்குக் காவலாக இருக்கட்டும்.

டொலரில் வரும் பில்

கணக்குக்காக, ஓர் இயந்திரத்தின் வாடகை மணித்தியாலத்துக்கு 5 அமெரிக்கச் சதம் என்று கொள்வோம். உச்ச நாளுக்கென்று ஐந்து இயந்திரங்களை ஆண்டு முழுதும் வைத்திருந்தால், 8,760 மணித்தியாலத்துக்கு 2,190 டொலர். ஒன்றை ஆண்டு முழுதும், மேலும் நான்கைப் பத்து நாட்களுக்கு மட்டும் வைத்திருந்தால் 438உம் 48உமாக 486 டொலர். கிளவுட் மலிவானது என்பதன் அடிப்படை இந்தக் கழித்தல்தான். இரண்டாம் முறையைப் பின்பற்றாதவருக்கு அது மலிவும் அல்ல.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. அந்த ஆண்டின் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. அதே 486 டொலர் 97,200 ரூபாயிலிருந்து 174,960 ரூபாயாயிற்று. வாடிக்கையாளர் ஒருவர்கூடக் கூடாமல், ஒரு வரி நிரலும் மாறாமல், பில் மட்டும் ஏறக்குறைய இரட்டித்தது. ரூபாயில் சம்பாதித்து டொலரில் வாடகை கட்டுபவர், மாதச் செலவு ஓர் அளவைத் தாண்டினால் எச்சரிக்கை அனுப்பும் வசதியை முதல் நாளே இட்டுக்கொள்வது நல்லது. சோதனைக்காக எழுப்பிய இயந்திரத்தை அணைக்க மறப்பது இத்தொழிலில் எல்லாருக்கும் நேர்ந்த ஒன்று. இயந்திரத்தின் வாடகையைத் தவிர, சேமித்த தரவுக்கும், தரவு மையத்திலிருந்து வெளியே அனுப்பும் தரவுக்கும் தனியாகக் கட்டணம் உண்டு என்பதையும் விலைப்பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும்.

விழுந்தால் என்ன செய்வது

கிளவுட் விழாது என்பது விற்பனைப் பேச்சு. நிறுவனங்கள் தரும் உறுதியைப் படித்தால் அது சதவீதத்தில் இருக்கும். 99.9 சதவீதம் என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் வரை நின்றுபோகலாம், 99.99 என்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். ஒன்றையொன்று நம்பியிருக்கும் இரண்டு பாகங்கள் ஒவ்வொன்றும் 99.9 என்றால், இரண்டும் சேர்ந்து ஓடும் நேரம் ஏறத்தாழ 99.8. பாகங்கள் கூடக் கூட உறுதி குறையும்.

அதனால்தான் இயந்திரங்களை ஒரே கட்டடத்தில் வைக்காமல், தனித்தனி மின்னிணைப்புள்ள வெவ்வேறு கட்டடங்களில் பிரித்து வைக்கிறார்கள். ஒரே வட்டாரத்துக்குள் இருக்கும் அத்தகைய பிரிவு கிடைப்பு வலயம் எனப்படும். தரவுத்தளத்துக்கும் இன்னொரு வலயத்தில் உடனுக்குடன் நகல் ஓடும். ஆனால் அந்த நகலைக் காப்புப் பிரதி என்று எண்ணி ஏமாறக் கூடாது. தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால், நகலும் அடுத்த கணமே கீழ்ப்படிந்து அழித்துவிடும். நேற்று இரவு இருந்த நிலையைத் தனியாக எடுத்து வைத்து, அதிலிருந்து திரும்ப எழுப்ப முடிகிறதா என்று ஆண்டில் இரண்டு முறையாவது செய்து பார்த்தால்தான் அது காப்பு. கட்டடத்தின் பூட்டு நிறுவனத்தின் பொறுப்பு. கடவுச்சொல் நம் பொறுப்பு. இந்தப் பங்கீடு எந்த ஒப்பந்தத்திலும் மாறுவதில்லை.

கடைசிக் கண்ணி ஹட்டனிலேயே இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, தொலைவிலிருந்த சேர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையின் ரூட்டரில்தான் விளக்கு எரியவில்லை. கிளவுட்டில் செலவழிப்பதற்கு முன், ரூட்டரையும் ஒரு மடிக்கணினியையும் சில மணித்தியாலம் தாங்கும் பற்றரி ஒன்றை வாங்கும்படி நான் சொல்வது அதனால்தான்.

ஹட்டனுக்கும் மும்பைக்கும் இடையில்

தரவு மையங்கள் இருக்கும் ஊர்த்தொகுதிக்கு வட்டாரம் என்று பெயர். அமேசான், மைக்ரோசொப்ட், கூகுள் ஆகிய மூன்றுக்கும் நமக்கு அருகிலுள்ள வட்டாரங்கள் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன: மைக்ரோசொப்ட் 2015இல் சென்னை, மும்பை, புனே ஆகிய இடங்களிலும், அமேசான் 2016இலும் கூகுள் 2017இலும் மும்பையிலும் திறந்தன. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து மும்பை நேர்கோட்டில் 1,500 கிலோமீற்றர் அளவு. போய்வர 15 மில்லிநொடியாவது ஆகும். சிங்கப்பூருக்கு 27. கடலடிக் கம்பியின் வளைவும் இடைநிலைக் கருவிகளும் சேர்ந்து உண்மையில் இதைவிடக் கூடுதலாகும். ஒருமுறைக்கு இது பொருட்டல்ல. ஒரு பக்கத்தைக் காட்ட, ஒன்றன்பின் ஒன்றாக இருபது முறை போய்வரும்படி செயலியை எழுதினால், ஒரு போய்வரவுக்கு 60 மில்லிநொடி என்று கொண்டாலும் 1.2 நொடி வழியிலேயே கழிந்துவிடும். வாடிக்கையாளர் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை நாட்டுக்கு வெளியே போவதால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வட்டாரத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

எந்தக் கடைக்கு எவ்வளவு

நாளுக்கு இருபது ஓடர் வரும் கடைக்கு இவற்றில் பெரும்பாலானவை தேவையில்லை. மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் ஆயத்த மென்பொருளே போதும். அதைவிடக் குறைவாக, வட்ஸ்அப்பும் ஒரு கொப்பியும் போதும் என்று சொல்லவும் நான் தயங்குவதில்லை. தனிச்செயலி வேண்டுமென்றால், ஓர் இயந்திரம், நிறுவனமே பராமரிக்கும் ஒரு தரவுத்தளம், கோப்புகளுக்குத் தனிச் சேமிப்பு, நாள்தோறும் காப்பு என்று தொடங்கலாம். சுமைப் பகிர்வியும் இரண்டாம் இயந்திரமும், ஒரு மாலை நின்றுபோனால் உண்டாகும் நட்டம் அவற்றின் ஆண்டு வாடகையைத் தாண்டும் அளவுக்கு வணிகம் வளர்ந்த பிறகு சேரட்டும். ஆனால் செயலியை எழுதும் முதல் நாளிலேயே அதை நிலையற்றதாக எழுதிவிட வேண்டும். பின்னால் மாற்றுவது, பூசிய சுவருக்குள் குழாய் பதிப்பது போன்ற வேலை.

ஹட்டன் கடையின் செயலி இப்போது சாதாரண நாட்களில் இரண்டு சிறிய இயந்திரங்களில் ஓடுகிறது. முற்பண வாரத்தில் மாலை நான்கு மணிக்கு ஐந்தாகி, இரவு பதினொரு மணிக்கு மீண்டும் இரண்டாகிறது. கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு நீளக் கொப்பி வைத்து, ஒவ்வோர் ஓடரின் எண்ணையும் தொகையையும் ஊரையும் கையால் எழுதுகிறார். மின்சாரம் போன மாலைகளில், கடைப் பெண்கள் டோர்ச் வெளிச்சத்தில் பார்சல் கட்டுவது அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான்.